செதில் கணக்கு

பெங்களூரின் தெற்கு ஓரம், ஜிகணி.
இங்கே மலை நின்றபடி இல்லை.
பலகை பலகையாய் அறுத்து, மெருகேற்றி,
மரச்சட்டத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.
விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட்டில் எண்.
நாற்பத்தேழு-பி மேல்
ஒரு பாறை ஓணான்
தண்டால் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மே பதினொன்று, காலை ஒன்பதேகால்.
எழுதுகிறேன்: ஆண். ஒன்று.
முதுகு சிவப்பு, விலா கறுப்பு.
அப்படியென்றால் பக்கத்தில் பெண் இருக்கவேண்டும்.
தேடினேன், இருந்தாள்,
கல்தூள் நிறத்தில், கல்தூளின் மேல்.
கொஞ்ச நேரத்தில் ஐம்பத்திரண்டிலிருந்து
இன்னொருவன் இறங்கி வந்தான்.
சிவப்பு மஞ்சளாயிற்று, கறுப்பு ஆரஞ்சாயிற்று.
காதலுக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று.
மற்ற எல்லாவற்றுக்கும்
பழுப்பே போதும் அவனுக்கு.

பாலிஷ் மெஷினை நிறுத்திவிட்டு மாதையன் வந்தான்.
பென்னாகரம். என் வயதுதான் இருக்கும்.
"கரட்டாண்டி எண்றதுக்கா சம்பளம்?"
கிரேன் மேலிருந்து புட்டசாமி: ஓதிக்யாத்தா.
ஹாடிபந்து ஒடியாவில்: எண்டுவ.
என் படிவத்தில் லத்தீன், சாய்வெழுத்தில்.

ஓதி என்று நம்மிடமும் இருந்தது,
பழைய பாலைப் பாட்டுகளில்.
நாம் தொலைத்த சொல்லை
புட்டசாமி வாயில் வைத்திருக்கிறார்
வெற்றிலையோடு.

இந்தக் குடும்பத்தைப் பல்லைப் பார்த்துப் பிரித்தார்கள்.
தாடை விளிம்போடு ஒட்டிப்போன ஓரப்பல்.
தேய்ந்தால் தேய்ந்ததுதான், மறுபடி முளைக்காது.
பல்லியைப் போல வாலைக் கழற்றி எறிந்துவிட்டு
ஓடவும் தெரியாது.
பச்சோந்திக்கும் இதே பல். பங்காளி.
பாக்கு மரத்துக்குப் பாக்கு மரம்
விலா எலும்பை விரித்து மிதக்கிறவன்,
புல்வெளியில் தொண்டைக்கு நீல விசிறி பிடிக்கிறவன்,
ஆஸ்திரேலிய மணலில் முள்ளை உடுத்திக்கொண்டு
எறும்பு தின்கிறவன்,
எல்லாரும் ஒரே ரேஷன் கார்டு.

நம் வேலியோரத்து ஆள் மட்டும்
இருநூறு வருடம் ஒருவனாகவே எழுதப்பட்டான்.
அண்மையில் பார்த்தால் அவன் பலர்.
அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அருங்காட்சியகப் புட்டியில், சாராயத்தில்,
முதலில் போவது நிறம்.
காதல் போய்விடும், சண்டை போய்விடும்,
மிச்சம் செதில்தான்.
அதனால்தான் எண்ணுகிறோம்.

எண்ணுவதற்கு ஒன்றைப் பிடிக்கவேண்டும்.
தூண்டில் கழி, நுனியில் நூல் சுருக்கு.
மூன்று முறை தவறவிட்டேன்.
மாதையன் கழியை வாங்கினான். ஒரே முறை.
"சின்னதுல ஈர்க்குல சுருக்குப் போட்டு
ஒரு நூறு புடிச்சிருப்பேன்.
வாயில பொகையில வெச்சு ஆட விடுவோம்.
அப்புறம் கல்லு."
சிரிக்காமல் சொன்னான்.

அவன் கைக்குள் ஓணான்
தன் விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்தது.
நடு உடம்பைச் சுற்றி எண்ணினேன்.
நூற்றிருபதில் தவறி, மறுபடி முதலிலிருந்து.
நூற்று முப்பத்தொன்று.
மாதையனும் உதட்டுக்குள் எண்ணியிருக்கிறான்:
"முப்பத்திரெண்டு. காலுக்கடியில ஒண்ண உட்டுட்டீங்க."
அடித்துத் திருத்தினேன்.

"எண்ணியாச்சு. இப்ப?"
"விட்டுருவோம்."
"எங்க?"

திரும்பிப் பார்த்தேன்.
நாற்பத்தேழு-பி சங்கிலியில் தொங்கியபடி
கண்டெய்னர் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
ஓணானுக்கு வேலி சாட்சி என்பார்கள்.
சாட்சிக்குச் சதுர அடிக் கணக்கில் விலை.

"ஐம்பத்திரெண்டுல?"
"அங்க ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான்."

படிவத்தில் வாழிடம் என்ற கட்டம் காலி.
மெஷின் காத்திருக்கிறது, மேஸ்திரி கத்துகிறார்.
மாதையன் கையைத் திறக்கவில்லை,
இறுக்கவும் இல்லை.